கண்மாய்களை உடைத்த ராஜா

கோடாங்கி முதலில் டீ கிளாஸுக்குள் விழுந்த எறும்பைத்தான் காப்பாற்றினார். சுண்டுவிரலால் தூக்கித் தரையில் விட்டு, அது நடக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் பால்ச்சாமி அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

ஆமத்தூரில் ஒரு தீப்பெட்டிக் குடோன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு டக் டக்கென்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. மெழுகும் பசையும் அட்டையும் கலந்த வாசனை. அங்கே உட்கார்ந்துதான் சித்திரையில் வரும் அம்மன் கோயில் பொங்கலுக்கான நாடகத்தை ஒத்திகை பார்த்தோம். பீடி பற்றவைக்க வேண்டுமென்றால் எழுந்து, ரோட்டைத் தாண்டி, புளியமரத்தடிக்குப் போக வேண்டும். "சுத்தி அம்புட்டுத் தீக்குச்சி, ஒரு பீடிக்கு நெருப்பில்ல பாருங்க" என்று பால்ச்சாமி அண்ணன் ஒவ்வொரு ஒத்திகையிலும் சொல்வார். ஒவ்வொரு ஒத்திகையிலும் சிரிப்போம்.

நாடகம் எழுதியவன் நான். ராஜா வேஷம் பால்ச்சாமி அண்ணனுக்கு. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன் அவர். அறைக்கு அறை நின்று ஆட்களை அதட்டிப் பழகிய குரல், மைக் தேவையில்லை. குறி சொல்லும் முனிவர் வேஷத்துக்கு ஆள் அமையவில்லை. உடுக்கையோடு சேர்ந்து ஆளும் வரட்டுமே என்று ஊர்க் கோடாங்கியையே கூட்டிவந்துவிட்டோம். செவ்வாயும் வெள்ளியும் ஊருக்குக் குறி சொல்லுவார். ஞாயிறு எங்களுக்கு.

பால்ச்சாமி அண்ணன் தலையில் கிரீடம். சிவகாசியில் நான் வேலை பார்த்த காலண்டர் அச்சகத்தின் கழிவு அட்டையில் வெட்டி, மேலே ஜிகினா ஒட்டியது. உள்பக்கம் பாதி முகத்தோடு ஏதோ ஒரு சாமி, அவருடைய வழுக்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

"என்ன மாமா, நாடகத்து ராசாவுக்கு மட்டுந்தான் குறியா?" என்றார் அண்ணன். "இந்த ராசா கேட்டா சொல்ல மாட்டீகளா?"

"ஒனக்கென்னலே குறை? கிரீடமே வச்சிருக்க."

"கிரீடம் அரிக்குது மாமா. இது எப்பத் தீரும்னு சொல்லுங்க."

குடோனே சிரித்தது. கோடாங்கியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உடுக்கையை ஒரு தட்டுத் தட்டினார், விளையாட்டுக்குத்தான். இன்னொரு தட்டு. அப்புறம் விரல் நிற்கவில்லை. சிரிப்பு அவர் முகத்திலிருந்து எப்போது இறங்கியது என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கண் எங்கள் எல்லோரையும் தாண்டி, வாசல் வெயிலில் எதையோ பார்த்தது.

"நெருப்பு ஒம் பிள்ளையத் தேடுதுலே. கண்ணுக்குள்ள வச்சுக்க."

அவ்வளவுதான். உடுக்கையைக் கீழே வைத்தார். மிச்ச டீயைக் குடித்தார். "அடுத்த காட்சி யாருப்பா?" என்று கேட்டார்.

கிழிக்கும் தாளில் ஒரு சொல்

காலண்டர் அச்சகத்தைப் பற்றி இந்தத் தொடரில் முன்பு ஒரு வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார். "இத்தனை ராசிபலனை அச்சடித்தீர்களே, உங்களுக்கு அதில் நம்பிக்கை உண்டா?"

என் வேலை புரூஃப் பார்ப்பது. வரப்போகும் வருஷத்தின் ஒவ்வொரு நாளும் ஈர மை வாசனையோடு என் மேஜைக்கு வரும். ஊரில் ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருக்கும்; நான் அடுத்த தையில் ரிஷபத்துக்குச் 'செலவு' என்றும் மீனத்துக்கு 'நிம்மதி' என்றும் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு ராசிக்கு ஒரு சொல். ஜோசியர் எழுதி அனுப்புவார், நாங்கள் கால் விட்டுப்போயிருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்று பார்ப்போம்.

மெஷின் ஓட்டுகிற அருணாசலம் ஒருநாள் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, இன்னிக்கு என் ராசிக்கு 'ஓய்வு'ன்னு போட்டிருக்கு. முதலாளிகிட்டக் காட்டட்டுமா?"

"அவரு ராசிக்கு என்ன போட்டிருக்குன்னு பாரு முதல்ல."

பார்த்தான். 'கோபம்.' பேசாமல் மெஷினுக்குப் போய்விட்டான்.

நம்பிக்கை உண்டா என்றால், தெரியவில்லை. மூட்டை மூட்டையாக அதை லாரியில் ஏற்றிவிட்டவன் நான். ஆனாலும் காலையில் வீட்டில் தாளைக் கிழிக்கும்போது என் ராசிக்கு நேரே கண் போகும். 'சோதனை' என்று இருந்தால் அன்றைக்கு பஸ்ஸில் படிக்கட்டில் தொங்க மாட்டேன். மனுஷ மனசு ஒரு சொல்லைச் சும்மா கீழே போடாது. எங்காவது ஒரு ஆணியில் மாட்டி வைத்துக்கொள்ளும்.

பால்ச்சாமி அண்ணன் மனசில் அன்றைக்கு மாட்டிய சொல், காலண்டர் தாள் மாதிரி சாயங்காலம் கிழிகிற சொல் இல்லை.

ராஜா செய்த வேலை

அந்த வயதில் பழைய சோக நாடகங்களை வெறிபிடித்தாற்போல் படித்துக்கொண்டிருந்தேன். எந்த தேசத்து நாடகமானாலும் சரி. விருதுநகர் நூலகத்தில் பெஞ்சு காலியாக இல்லாவிட்டால் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றுகொண்டே படிப்பேன்.

பெரும்பாலும் ஒரு குறி வரும். காட்டிலோ கோயிலிலோ பாழ் மண்டபத்திலோ யாரோ ஒருவர் ராஜாவிடம் ஒரு வாக்கியம் சொல்வார். சொன்னதோடு அவர் வேலை தீர்ந்தது. மிச்சத்தையெல்லாம் ராஜா பார்த்துக்கொள்வான்.

குறி என்ன நடக்கும் என்று மட்டும்தான் சொல்லும். எப்படி நடக்கும் என்பதை வாயே திறக்காது. அதை ராஜாதான் தன் கையால் செய்துகொடுக்க வேண்டும். அதுவும் தன்னிடம் உள்ள கெட்டதை வைத்து இல்லை, ஆகச் சிறந்ததை வைத்து. வீரன் வீரத்தால் போவான். புத்திசாலி புத்தியால் போவான். இது எனக்கு அப்போது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. தூக்கம் வராமல் நானும் ஒன்று எழுதினேன்.

என் ராஜாவுக்கு ஒரே மகள். மகளைத் தண்ணீர் கொண்டுபோகும் என்று முனிவர் சொல்லிவிடுகிறார். ராஜா நாட்டில் உள்ள கண்மாயையெல்லாம் உடைக்கச் சொல்கிறான். ஊருணிகளைத் தூர்க்கச் சொல்கிறான். நாடு காய்கிறது. மாடு சாகிறது. சனங்கள் மூட்டை கட்டுகிறார்கள். கருணையுள்ள மகள் அவர்களுக்குத் தண்ணீர் தேடிப் போகிறாள். மிச்சமிருந்த ஒரே ஒரு கிணற்றின் ஆழத்தில் அவளுக்குக் கால் வழுக்குகிறது.

பொங்கலன்று பொழுது சாயத் தொடங்கிய நாடகம். கண்மாய்களை உடைக்கச் சொல்லி பால்ச்சாமி அண்ணன் வாளை உயர்த்திக் கட்டளை போட்டபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகவே சொன்னார்.

"நம்மூருக்கு வந்துட்டுப் போனது இந்தப் பயதானா? அதான் நம்ம கண்மாயி இப்பிடிக் கிடக்கு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் கரிசல் காட்டில் மழை தப்பிய வருஷம் அது. அழ வைக்க எழுதிய இடத்தில் ஊரே சிரிக்கிறதே என்று மேடைக்குப் பின்னால் நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

கடைசிக் காட்சியில் யாரும் சிரிக்கவில்லை. மகளின் உடம்பு கிடக்கும் பாவனையில் ஒரு சேலையை விரித்திருந்தோம். ராஜா அதன் முன்னால் நின்று வசனம் பேச வேண்டும். அண்ணன் பேசவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது. பெண்கள் பக்கத்திலிருந்து விசும்பல் கேட்டது. பிரமாதமான நடிப்பு என்று தர்மகர்த்தா துண்டு போர்த்தினார்.

அவருடைய மகள் மாரீஸ்வரி கூட்டத்தில்தான் இருந்தாள். இறங்கி வந்தவர் கிரீடத்தோடு நேரே அவளிடம் போய், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவள் கூச்சத்தோடு சுற்றிப் பார்த்தாள். "அப்பா, கையில சாயம் ஒட்டுது" என்றாள். அவர் விடவில்லை.

"அங்கன நான் இருக்கேன்ல"

மாரீஸ்வரி அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். அம்மா இல்லாத பிள்ளை. மஞ்சள் காமாலையில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், குளுக்கோஸ் பாட்டில் மாற்றுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தவள். அந்தக் கை, எங்கள் தெருவில் இருந்த எஸ்தர் சிஸ்டரின் கை. அவர்தான் அலைந்து திரிந்து மதுரையில் ஒரு நர்ஸிங் பள்ளியில் இவளுக்கு இடம் வாங்கியிருந்தார். ஹாஸ்டல், சீருடை எல்லாம் பேசி முடித்தாயிற்று.

பொங்கல் முடிந்த சில நாளில் அண்ணன் வேண்டாமென்றுவிட்டார்.

எஸ்தர் சிஸ்டர் என்னிடம் வந்தார். "நீங்க சொன்னா கேப்பாரு. என்னமோ குறி சொன்னாங்களாம். அந்தப் பிள்ள ரெண்டு நாளா சாப்பிடல."

ரோட்டோர டீக்கடையில் அண்ணனைப் பிடித்தேன். ஆலை வேன் வர இன்னும் நேரமிருந்தது.

"இந்த ஊர்ல நெருப்புக் கண்டம்னு சொன்னா பன்னெண்டு ராசிக்கும் பொருந்தும்ணே. தெனம் காலண்டர்ல பார்க்கிறவன் சொல்றேன்."

"பொருந்துறதுனாலதான் தம்பி பயமா இருக்கு."

"மதுரைக்குப் போனா நெருப்புலேருந்து தூரமாத்தானே போறா?"

"எது தூரம்? ஹாஸ்டல்ல காஸ் அடுப்பு. ஆஸ்பத்திரில ஸ்பிரிட்டு, சிலிண்டரு. அம்புட்டும் நெருப்புதான். அங்கன பாக்குறதுக்கு யாரு இருக்கா? எம்புட்டு யோசிச்சுட்டேன் தெரியுமா? ஆலைல லேபிள் ஒட்டுற அறைக்குக் கூட்டிட்டுப் போறேன். வெடிமருந்து கிடையாது அங்க. தாளும் பசையும்தான்."

நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். "நெருப்புக்குப் பயந்துக்கிட்டு பட்டாசு ஆலைக்கா கூட்டிட்டுப் போறீக?"

"அங்கன நான் இருக்கேன்ல."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதி இன்னும் எனக்கு மறக்கவில்லை. எல்லாக் கணக்கும் சரியாக வந்துவிட்ட மனிதரின் முகம்.

"நாடகத்துல ராஜா என்ன ஆனான், நீங்கதானே நடிச்சீக?"

"அவன் மடையன் தம்பி. அரண்மனைல இருந்த பய, தண்ணியப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? எனக்கு நெருப்பத் தெரியும். இம்புட்டு வருசத்துல என் அறையில ஒரு பொறி விழுந்ததில்ல."

"நாடகத்துல குறி பலிச்சது, நான் எழுதினதால. கடைசிக் காட்சிய எழுதிட்டுத்தான் குறியவே எழுதினேன்."

"சரி. அப்ப இதுக்குக் கடைசிக் காட்சி எழுதினவன் யாருன்னு சொல்லுங்க. அவன்கிட்டப் போயிக் கேட்டுக்கிறேன்."

வேன் வந்தது. என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

மாரீஸ்வரி சண்டை போடவில்லை. "ஒரு சீசன் போகட்டும் சித்தப்பா" என்றாள். "எனக்கு நெருப்பெல்லாம் பயமில்ல. அப்பா ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு என் மூஞ்சியப் பாத்துட்டுப் போறாரு. அதுதான் பயமா இருக்கு."

அடுத்த திங்கட்கிழமை வேனில் அப்பாவுக்குப் பக்கத்துச் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். நர்ஸிங்குக்கு என்று வாங்கிய டிபன் பாக்ஸ் மடியில்.

செருப்பு

பட்டாசு ஆலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் பொட்டல் காட்டில் யாரோ தீப்பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்த மாதிரி இருக்கும். சின்னச் சின்ன அறைகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வெற்றிடம். அறைக்கு நாலு பக்கமும் கதவு. கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும்.

உள்ளே செருப்பு ஆகாது. அடியில் ஒட்டிய ஒரு கல் உரசினால் போதும். அதனால் எல்லா அறை வாசலிலும் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். நான் ஒருமுறை போயிருக்கிறேன். செருப்பைப் பார்த்தே உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று அண்ணன் சொல்லிக்கொண்டு போனார். வார் அறுந்து ஊக்குக் குத்தியது இன்னார். குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்தது இன்னார். எட்டிப் பார்க்க வேண்டியதில்லை அவருக்கு.

புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் அவர் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்றுதான். அதை அதட்டலாகத்தான் சொல்வார்.

"சத்தம் கேட்டா ஓடு. எந்தக் கதவு கிட்டக்கவோ அதுல ஓடு. செருப்ப எடுக்க நிக்காத. திரும்பிப் பாக்காத."

முதல் நாளே மாரீஸ்வரிக்கும் சொன்னார். வேனில் மறுபடியும் சொன்னார். சாப்பிடும்போது திடீரென்று, "என்னத்தா, சத்தம் கேட்டா?" என்பார். அவள் சோற்றை மென்றுகொண்டே ஒப்பிப்பாள். பள்ளிக்கூடத்தில்கூட எந்தப் பாடத்தையும் அத்தனை தடவை ஒப்பித்ததில்லை என்று சொல்லிச் சிரிப்பாள்.

சத்தம்

ஆவணியோ புரட்டாசியோ. தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த நாட்கள்.

சிவகாசியில் ஒரு சத்தம் கேட்டால் முதலில் எல்லாமே ஒரு கணம் நிற்கும். வெடி வெடித்துப் பார்க்கிற சத்தம் வேறு, இது வேறு. காதுக்குத் தெரியும். அச்சகத்து ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அருணாசலம் மெஷினை நிறுத்தினான். எந்தத் திசை என்று யாரும் வாயால் கேட்கவில்லை. மாடிக்கு ஓடினோம். நாரணாபுரம் பக்கம் வெள்ளைப் புகை எழும்பி, வெயிலில் அசையாமல் நின்றது.

நடந்ததை மாரீஸ்வரியும் கூட வேலை பார்த்தவர்களும் பிறகு சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஆட்கள் டீக்கு வெளியே வந்திருந்த நேரம். மருந்து கலக்கும் அறையில் யாரும் இல்லை. மிச்சம் இருந்த மருந்தில் ஈரம் பட்டுத் தானாகச் சூடேறியிருக்கும் என்றார்கள். அந்த அறை போனது. அதிலிருந்து தெறித்தது லேபிள் அறையின் கூரையில் விழுந்தது. அங்கே அந்தப் பிள்ளை மட்டும், கையில் இருந்த லேபிள் கட்டை முடித்துவிட்டு டீக்குப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் அப்போது கேட் பக்கம், லோடு வண்டியோடு நின்றார். எல்லோரும் அவரைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவள் முகம் இல்லை.

அவர் உள்ளே ஓடினார். இத்தனை வருஷம் அத்தனை பேருக்கும் சொன்ன பாடத்துக்கு எதிர்த்திசையில்.

லேபிள் அறை வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. நீல வார், நடுவில் பிளாஸ்டிக் பூ. அவர் வாங்கிக் கொடுத்தது.

அதற்கு மேல் அவர் வேறெதையும் பார்த்திருக்க மாட்டார்.

மாரீஸ்வரி கிழக்குக் கதவு வழியாக ஓடி, வேலிப் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். வெறுங்காலோடு. அப்பா சொன்னபடி கிட்டத்தில் இருந்த கதவில் ஓடியிருந்தாள். அப்பா சொன்னபடி செருப்பை எடுக்க நிற்கவில்லை. அப்பா சொன்னபடி திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் அப்பா உள்ளே போனதை அவள் பார்க்கவில்லை.

வாழையிலை வாசனை

தீக்காய வார்டில் கொசுவலைக்குள், வாழையிலையில் படுக்க வைத்திருந்தார்கள். முகம் தப்பியிருந்தது. இரண்டு கையும் பொதியாகக் கட்டப்பட்டிருந்தன. நாடகத்தில் வாளைத் தூக்கிய கை. மருந்து நாற்றத்துக்கு நடுவே அந்தப் பச்சையிலை வாசனை மட்டும் கல்யாண வீட்டை ஞாபகப்படுத்தி என்னவோ செய்தது.

"பிள்ள நல்லாருக்காள்ல தம்பி?" என்றார். நான் இருந்த அரைமணி நேரத்தில் அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் தலைமாட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் அவள் என்னை நிறுத்தினாள். "சித்தப்பா, நான் முன்னமே வெளிய வந்துட்டேன்னு அப்பாகிட்ட யாரும் சொல்லக் கூடாது. என்னையக் காப்பாத்தினதாவே இருக்கட்டும். காலி அறைக்காக வெந்தேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு." எல்லோரிடமும் அதையே சொல்லி வைத்திருந்தாள். நான் தலையாட்டினேன்.

(இதை இப்போது எழுதுகிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். எழுதச் சொன்னதே அவள்தான். ரொம்ப வருஷம் கழித்து, பேறுகாலத்துக்கு வந்திருந்தபோது, அப்பாவும் மகளும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.)

ஆஸ்பத்திரி வாசலில், சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாகக் கோடாங்கி நின்றார். உடுக்கை இல்லாமல் பார்த்தால் வேறு ஆள் மாதிரி இருந்தார். ஊருக்குள் அவர் பெயர் ஓங்கியிருந்தது. சொன்னார், பலித்தது என்று வெளியூரிலிருந்தெல்லாம் தேடி வந்தார்களாம். அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி வந்திருந்தார்.

"உள்ள வாங்க" என்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர? சொன்னது என் வாயி. ஓடுனது அவன் காலு. இதுல சாமி எதுல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியலப்பா. ஒனக்குத் தெரிஞ்சா சொல்லு, நீதான் நாடகமெல்லாம் எழுதுறவன்."

ஒரு வாழைத்தாரை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அதற்கப்புறம் அவர் உடுக்கையைத் தொட்டதாக நான் கேள்விப்படவில்லை.

நானும் அதற்கப்புறம் நாடகம் எழுதவில்லை. எழுதிய நாடகத்தால் ஒருவர் கை போய்விட்டது என்று நினைக்கும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் ராஜாவை மடையன் என்று அவர் சொன்னாரே, நானும் அப்படி நினைத்துத்தான் எழுதியிருந்தேன். வாழையிலையில் கிடந்தவரைப் பார்த்த பிறகு என்னால் எந்த ராஜாவையும் அப்படி நினைக்க முடியவில்லை. எல்லாப் பழைய நாடகங்களையும் மறுபடி எடுத்துப் படித்தேன். அவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு வாசலில் ஏதோ ஒரு செருப்பைப் பார்த்தவர்களாகத் தெரிந்தார்கள்.

பஸ் ஸ்டாப்

அடுத்த வருஷம். வெயில் சற்றே தணிந்த ஒரு காலை.

எஸ்தர் சிஸ்டர் மறுபடி அலைந்து இடம் வாங்கியிருந்தார். இந்தத் தடவை மறுத்தது மாரீஸ்வரி. அப்பாவின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஆறியிருந்தன. கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துத்தான் குடிப்பார். சட்டைப் பித்தானை அவள்தான் மாட்டிவிட வேண்டும். "இவர விட்டுட்டு எங்க போக?" என்றாள். பேச்சு அதோடு நின்றது.

அப்புறம் ஒருநாள் கோடாங்கி வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனதாக அண்ணன் அவளிடம் சொன்னார். கண்டம் கழிந்துவிட்டதாம். பிள்ளை வடக்கே போகட்டுமாம். போகாவிட்டால்தான் அப்பனுக்கு ஆகாதாம். அதற்குப் பயந்து அவள் பெட்டி கட்டினாள்.

ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பில் நாங்கள் நின்றோம். அண்ணன் கையை யாராவது உற்றுப் பார்த்தால் துண்டை மேலே இழுத்துவிட்டுக்கொள்வார். மதுரை வரை எஸ்தர் சிஸ்டர் கூடப் போகிறார். வழிக்கு பிஸ்கட் வாங்க சிஸ்டரும் மாரீஸ்வரியும் எதிர்க்கடைக்குப் போயிருந்தார்கள்.

"கோடாங்கி எப்பண்ணே வந்தாரு?" என்றேன். "அவரு மக வீட்டோட போயிட்டதாச் சொன்னாங்களே?"

"வரல."

"அப்ப?"

"நானேதான் சொன்னேன்." அவருக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க எழுதிக் குடுத்ததையே பேசிக்கிட்டு இருந்தவன்தானே. ஒரு வசனம் சொந்தமாப் பேச வராதா எனக்கு?"

எதிர்க்கடையில் மாரீஸ்வரி புதுச் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். அதே நீல வார்.

"காலியாத்தான் தம்பி கிடந்துச்சு" என்றார் அண்ணன், அவளையே பார்த்துக்கொண்டு.

"எது?"

"லேபிள் அறை. கால உள்ள வச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு. கிழக்குக் கதவு திறந்து கிடக்கு. ஓடிட்டா, எந்தாயி ஓடிட்டான்னு… சந்தோசம் தம்பி. அப்பிடியே நின்னுட்டேன். எம்புட்டு நேரம் நின்னேனோ, வெளிய வரணும்னே தோணல. லேபிள் கட்டு பத்திக்கிட்டு மேல சரிஞ்சப்பத்தான் கையக் குடுத்தேன். அதுல போனதுதான் இது."

துண்டுக்குள் கை அசைந்தது.

"எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிராதீக. காலின்னு தெரிஞ்சும் அப்பன் நின்னு வெந்தான்னா அவளுக்குப் படிப்பு ஏறாது. காப்பாத்தினதா நான் நம்பிக்கிட்டு இருக்கேன்னே நெனச்சுக்கிட்டுப் போகட்டும்."

ஏற்கெனவே மகளிடம் ஒரு தடவை தலையாட்டியிருந்தேன். இப்போது அப்பாவிடமும் ஆட்டினேன். ஒரே விஷயம்தான்.

பஸ் வந்தது. எஸ்தர் சிஸ்டர் பெட்டியோடு முதலில் ஏறினார். மாரீஸ்வரி அப்பாவின் மேல் பித்தானைச் சரிபார்த்தாள், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. அவர் அந்த ஒட்டிய கையை அவள் உச்சந்தலையில் வைத்தார். அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பஸ் நகர்ந்தது. நான் கையை உயர்த்தினேன். அவள் எப்போது திரும்புவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கனகாம்பரம் வைத்த பின்னந்தலை நேராக, அசையாமல் இருந்தது. வளைவு வந்தது. பஸ் மறைகிற வரைக்கும் அந்தத் தலை திரும்பவேயில்லை. எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு எப்படி இருக்கும் என்று பக்கத்தில் பார்த்தேன்.

அண்ணன் முகத்தில் அன்றைக்கு டீக்கடையில் பார்த்த அதே நிம்மதி.

"பாத்தீகளா தம்பி, திரும்பிப் பாக்கல" என்றார். "பொழச்சுக்கிருவா."